மேலே போனது கீழே வருமா? தாவோ மரபில் ‘மறிதல்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவோ, அதாவது பழைய சீனச் சிந்தனையில் எல்லாம் இயங்கும் ‘வழி’, பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் அந்தக் கறுப்பு வெள்ளை யின்-யாங் வட்டத்தை நினைத்துக்கொண்டு, “எல்லாம் சுற்றிச் சுற்றி வரும், அதுதானே?” என்று கேட்பார். பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. அந்த மீதியைச் சுற்றி வழக்கமாக எழும் கேள்விகள் இங்கே. ‘தாவோ தே ஜிங்’ நூலின் அத்தியாய எண்கள் இன்று புழக்கத்தில் இருக்கும் 81 அத்தியாயப் பகுப்பின்படி. மேற்கோள்களின் தமிழ் என்னுடையது. குறை இருந்தால் அதுவும் என்னுடையதே.

இந்த ‘மறிதல்’ கருத்து எங்கே சொல்லப்பட்டிருக்கிறது?

பழைய சீன ஞானி லாவோட்சுவின் பெயரில் வழங்கும் ‘தாவோ தே ஜிங்’ நூலின் 40ஆம் அத்தியாயத்தில். நூலிலேயே மிகச் சிறிய அத்தியாயம் அது. மொத்தம் 21 சீன எழுத்துகள். முழுவதையும் இங்கேயே தந்துவிடலாம்:

மறிதல் தாவோவின் அசைவு.
மென்மை தாவோவின் பயன்பாடு.
உலகத்துப் பொருள்கள் எல்லாம் உள்ளதிலிருந்து பிறக்கின்றன.
உள்ளது இல்லாததிலிருந்து பிறக்கிறது.

அவ்வளவுதான். முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாம் வரியை விட்டுவிடுவது பலரும் செய்வது. மறிதலை ஒரு விதியாக மனப்பாடம் செய்துகொள்கிறோம், மென்மையை நல்லொழுக்கப் பாடமாக ஒதுக்கிவிடுகிறோம். இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதெல்லாம் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

‘மறிதல்’ என்று ஏன் மொழிபெயர்க்கிறீர்கள்? திரும்புதல் என்றால் போதாதா?

மூலத்தில் இருக்கும் சொல் ‘ஃபான்’. அதற்குப் புரட்டுவது, எதிராக இருப்பது, திரும்பி வருவது என்று பொருள்கள் உண்டு. மிகச் சுலபமான வேலையைச் சீனர்கள் இன்றும் ‘உள்ளங்கையைப் புரட்டுவது போல’ என்பார்கள். அந்தப் புரட்டலும் இதே ஃபான்தான். ஆகவே முதல் வரியை ‘எதிராக மாறுவதே தாவோவின் அசைவு’ என்றும் படிக்கலாம், ‘திரும்பி வருவதே தாவோவின் அசைவு’ என்றும் படிக்கலாம். எது சரி என்று உரைகாரர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘மறி’ என்ற வினைக்குக் கீழ்மேலாதல் என்றும் பொருள், மீளுதல் என்றும் பொருள். அதன் பக்கத்திலேயே ‘மறுதலை’ இருக்கிறது, எதிர்ப்பொருள். ‘மறுபடி’யும் இருக்கிறது, இன்னொரு முறை. எதிரையும் மீட்சியையும் ஒரே வேரில் வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. அதனால்தான் பழைய சொல்லாக இருந்தாலும் மறிதலை எடுத்துக்கொண்டேன்.

அகழ்வாய்வில் கிடைத்த சுவடிகள் இந்தச் சண்டையைத் தீர்க்கவில்லையா?

ஓரளவு. 1993இல் ஹூபெய் மாகாணத்தில் ஜிங்மென் நகரை ஒட்டிய குவோதியனில் ஒரு கல்லறையைத் திறந்தபோது மூங்கில் பட்டைகளில் எழுதிய சுவடிகள் கிடைத்தன. கல்லறை சுமார் கி.மு. 300ஐச் சேர்ந்தது. அவற்றில் 71 பட்டைகளில் தாவோ தே ஜிங்கின் 31 அத்தியாயங்களின் பகுதிகள் இருந்தன. நமக்குத் தெரிந்த மிகப் பழைய பிரதி இதுதான். அதில் 40ஆம் அத்தியாயமும் உண்டு.

அந்தச் சுவடியில் ஃபான் என்ற எழுத்தோடு ‘நடை’யைக் குறிக்கும் உறுப்பும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. அப்படி எழுதினால் ‘நடந்து திரும்புதல்’ என்ற பொருள் தூக்கலாகிறது. எழுதியவர் வெறும் எதிர்மாற்றத்தை நினைக்கவில்லை, திரும்பும் வழியை நினைத்திருக்கிறார் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்தில் எழுத்துகளை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடுவது சகஜம். ஆகவே வழக்கு முடிந்தது என்று தீர்ப்பு எழுத நான் தயாரில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே சுவடியில் கடைசி வரியில் ஓர் ‘உள்ளது’ குறைகிறது. பொருள்கள் ‘உள்ளதிலிருந்து பிறக்கின்றன, இல்லாததிலிருந்து பிறக்கின்றன’ என்று ஆகிவிடுகிறது. படிக்கட்டு போல ஒன்றிலிருந்து ஒன்று வராமல், இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துவிடுகின்றன. எழுத்தர் விட்ட பிழையா, பழைய பாடமே அதுவா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

1973இல் ஹூனான் மாகாணத்துச் சாங்ஷாவில், மாவாங்துய் என்ற இடத்துக் கல்லறை ஒன்றில் இதே நூலின் இரண்டு பட்டுப் பிரதிகள் கிடைத்தன. அந்தக் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. அங்கே 40ஆம் அத்தியாயம் 41க்குப் பின்னால், 42க்கு நேர் முன்னால் நிற்கிறது. 42இன் தொடக்கம்: ‘தாவோ ஒன்றை ஈன்றது, ஒன்று இரண்டை ஈன்றது, இரண்டு மூன்றை ஈன்றது, மூன்று, பத்தாயிரம் பொருள்களை ஈன்றது.’ (பத்தாயிரம் என்றால் ‘எல்லாம்’ என்று கொள்ளுங்கள்.) வீட்டுக்குத் திரும்பும் வழியும் வீட்டைவிட்டுக் கிளம்பும் வழியும் அடுத்தடுத்து! இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, திரும்புவது என்றால் எங்கே திரும்புவது?

வேருக்கு. 16ஆம் அத்தியாயம் இதை நேராகவே சொல்கிறது: ‘பத்தாயிரம் பொருள்களும் ஒருசேரக் கிளம்புகின்றன; அவை மீள்வதை நான் பார்த்திருக்கிறேன். பொருள்கள் தழைத்துத் தழைத்து வளர்கின்றன. ஒவ்வொன்றும் தன் வேருக்கே திரும்புகிறது. வேருக்குத் திரும்புவதை அமைதி என்பார்கள்.’ தழைப்பதைக் குறிக்க வரும் சீன எழுத்துக்குத் தலையில் புல்லின் குறி இருக்கிறது. ஆகவே கண் முன்னால் வர வேண்டியது சக்கரம் அல்ல, செடி. இலை உதிர்ந்து மண்ணுக்குப் போகிறது, சாறு வேருக்கு இறங்குகிறது, செடி அடங்குகிறது.

28ஆம் அத்தியாயத்தில் திரும்பும் இடத்துக்கு மூன்று பெயர்கள் வருகின்றன: கைக்குழந்தை, எல்லையின்மை, செதுக்காத மரக்கட்டை. மூன்றாவதன் மூலச்சொல் ‘பூ’. தச்சன் கை படாத முழுக்கட்டை. அதை அறுத்தால் நாற்காலியாகும், பெட்டியாகும், ஆனால் பிறகு வேறெதுவும் ஆக முடியாது. கட்டையாக இருக்கும்வரை எதுவாகவும் ஆகலாம்.

25ஆம் அத்தியாயத்தில் திரும்புவது நாம்கூட அல்ல, தாவோவே. அதற்கு வேறு பெயர் கிடைக்காமல் ‘பெரிது’ என்று பெயர் வைத்துவிட்டு நூல் தொடர்கிறது: பெரிது என்றால் போய்க்கொண்டே இருப்பது, போவது என்றால் தொலைவாவது, தொலைவாவது என்றால் மறிவது. எவ்வளவு தூரம் போனாலும் அது தன்னைவிட்டு வெளியே போவதற்கு இடமில்லை என்பது போல.

‘இல்லாதது’ என்றால் சூனியமா?

இல்லை. 11ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். முப்பது ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக்குடத்தில் கூடுகின்றன. நடுவே வெற்றிடம் இருப்பதால்தான் வண்டி ஓடுகிறது. மண்ணைப் பிசைந்து பானை செய்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லாததால்தான் பானைக்கு உபயோகம். கதவும் சன்னலும் வெட்டி அறை கட்டுகிறார்கள், அங்கேயும் அப்படியே. இல்லாதது என்பது காலி இடம், வேலை செய்யும் காலி இடம்.

‘யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்’ என்று நம் ஊரில் சொல்வதுதானே இது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

யானை, பூனைப் பழமொழி ஓர் ஆறுதல். காத்திரு, உன் முறை வரும் என்கிறது. தாவோ தே ஜிங்கில் அந்த ஆறுதல் கிடையாது. அங்கே திரும்பத் திரும்ப வருவது ஓர் எச்சரிக்கை: உச்சத்துக்குப் போனது இறங்கும். 23ஆம் அத்தியாயம், ‘சூறைக்காற்று காலை முழுதும் அடிக்காது, கொட்டும் மழை நாள் முழுதும் கொட்டாது’ என்கிறது. 30இலும் 55இலும் ஒரே வரி இரண்டு தடவை: ‘பொருள்கள் முறுக்கேறினால் மூப்படையும். இது தாவோ அல்ல. தாவோ அல்லாதது சீக்கிரம் முடியும்.’ 9ஆம் அத்தியாயம், ‘விளிம்புவரை நிரப்பித் தாங்கிப் பிடிப்பதைவிட நிறுத்திவிடுவது மேல்’ என்கிறது. இவற்றில் எங்கேயும் ‘கீழே இருப்பவன் கட்டாயம் மேலே வருவான்’ என்ற உறுதிமொழி இல்லை.

ஹாங்காங்கில் பிறந்த அறிஞர் டி. சி. லாவ், 1963இல் வெளியான தம் ஆங்கில மொழிபெயர்ப்பின் முன்னுரையில் இதைக் கூர்மையாக எடுத்துக்காட்டினார். ஏற்றமும் இறக்கமும் சக்கரம்போல இரண்டும் தவிர்க்க முடியாதவை என்றால், மென்மையைப் பற்றிக்கொள் என்ற அறிவுரைக்கே அர்த்தம் இல்லாமல் போகும் அல்லவா? மென்மையும் முறுக்கேறிக் கடினமாகி உடையத்தானே போகிறது? அவர் சொன்ன உவமை பூங்காவில் குழந்தைகள் விளையாடும் சறுக்குமரம். படி ஏறுவது மெதுவாக, பாடுபட்டு நடக்கும். உச்சியைத் தாண்டினால் சர்ரென்று கீழே. ஏற்றம் உழைப்பால் வருவது, எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம், இறக்கம்தான் நிச்சயமானது.

லாவ் சொன்னதை எல்லாரும் ஏற்கவில்லை. 22ஆம் அத்தியாயம், ‘வளைந்தது முழுமையாகும், பள்ளமானது நிரம்பும், பழையது புதிதாகும்’ என்கிறதே, அது ஏற்றம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பள்ளம் நிரம்புவது அது பள்ளமாக இருப்பதால். தன் முறைக்காகக் காத்திருக்கும் பூனை அங்கே இல்லை.

பழைய சீனத்தில் இதற்கு ஒரு பாத்திரமே இருந்தது. லூ நாட்டின் ஹுவான் கோமகனுடைய கோவிலில் கன்ஃபூசியஸ் அதைப் பார்த்ததாகக் கதை. காலியாக இருந்தால் சாய்ந்து நிற்கும், பாதி ஊற்றினால் நிமிரும், நிரப்பினால் கவிழும். கன்ஃபூசிய நூலான ‘ஷுன்ட்சு’விலும் இந்தக் கதை இருக்கிறது, தாவோ சாயல் கொண்ட ‘ஹுவாய்நான்ட்சு’விலும் இருக்கிறது. பின்னது கதையை முடித்துவிட்டு, ‘இந்த வழியில் நிற்பவர் நிரம்ப விரும்புவதில்லை’ என்ற லாவோட்சு வரியை ஒட்டிவிடுகிறது.

இடையில் ஒரு திருத்தம். ‘உச்சம் தொட்டது கட்டாயம் மறியும்’ என்ற நான்கெழுத்துச் சீனத் தொடரை லாவோட்சு சொன்னதாகப் படம் போட்டுப் பகிர்கிறார்கள். கருத்து நெருக்கமானதுதான், ஆனால் அந்தத் தொடர் தாவோ தே ஜிங்கில் இல்லை.

தானாகவே சமனாகும் என்றால் ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான்?

நூலே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. 77ஆம் அத்தியாயத்தில் வானத்தின் வழி வில்லை வளைப்பதற்கு ஒப்பிடப்படுகிறது: உயர்ந்த முனை அழுத்தப்படும், தாழ்ந்த முனை தூக்கப்படும், மிஞ்சியதிலிருந்து எடுத்துக் குறைந்ததற்குக் கொடுப்பது வானத்தின் வழி. அடுத்த வரி சுருக்கென்று தைக்கும். ‘மனிதரின் வழி அப்படி இல்லை. இல்லாதவனிடமிருந்து பிடுங்கி மிஞ்சியவனுக்குத் தருகிறது.’ அதற்கு இரண்டு அத்தியாயம் முன்னால், 75இல்: ‘மக்கள் பட்டினி கிடப்பது மேலிருப்பவர்கள் வரியை அதிகம் தின்பதால்.’

ஆக, மறிதல் நடக்கிறது என்று சொல்லும் அதே நூல், மனிதர்கள் அதை வழிமறித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றும் சொல்கிறது. இதை ‘விதியே என்று இரு’ என்னும் தத்துவம் என்று ஒதுக்குபவர்கள் இந்த இரண்டு அத்தியாயங்களையும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குதிரையைத் தொலைத்த கிழவர் கதை இதைத்தானே சொல்கிறது?

ஆமாம், ஆனால் கைபேசியில் வலம் வரும் வடிவத்தில் அல்ல. கதை ஹுவாய்நான்ட்சுவில் 18ஆம் அத்தியாயத்தில் வருகிறது. ஹுவாய்நான் இளவரசர் லியூ ஆன் அறிஞர்களைக் கூட்டி உருவாக்கி, கி.மு. 139இல் பேரரசர் வூவிடம் கொடுத்த நூல் அது.

எல்லைப்புறத்தில் ஒருவருடைய குதிரை ஓடிப்போய்ப் பகைவர் நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. ஊரார் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். அவர், “இது நன்மையாக மாறாது என்று எப்படிச் சொல்வது?” என்கிறார். சில மாதங்களில் அந்தக் குதிரை அந்நாட்டு உயர்ரகக் குதிரைகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. ஊரார் வாழ்த்துகிறார்கள். “இது கேடாக மாறாது என்று எப்படிச் சொல்வது?” குதிரைச் சவாரியில் ஆசை கொண்ட மகன் விழுந்து தொடையை முறித்துக்கொள்கிறான். ஓராண்டு கழித்துப் படையெடுப்பு. வில் தூக்க முடிந்த ஆண்கள் எல்லாம் போருக்குப் போகிறார்கள், எல்லைவாசிகளில் பத்துக்கு ஒன்பது பேர் சாகிறார்கள். நொண்டியான மகனும் கிழவரும் பிழைக்கிறார்கள்.

இணையத்தில் கிழவர் ஒவ்வொரு முறையும் “இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் புன்னகைப்பார். மூலத்தில் புன்னகை இல்லை. ஊரில் பத்தில் ஒன்பது ஆண்கள் செத்த கதை அது. கடைசி வரியும் ‘எல்லாம் நன்மைக்கே’ என்று முடியவில்லை. மாற்றத்துக்கு எல்லை காண முடியாது, ஆழத்தை அளக்க முடியாது என்று முடிகிறது.

இதன் வேர் 58ஆம் அத்தியாயத்தில்: ‘கேடு, நன்மை சாய்ந்து நிற்கும் இடம். நன்மை, கேடு பதுங்கிக் கிடக்கும் இடம். இதன் முடிவை யார் அறிவார்?’ நன்மை ‘சாய்கிறது’, கேடு ‘பதுங்குகிறது’. வினைச்சொற்களின் இந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இப்படி ஏன் நடக்கிறது என்று விளக்கியவர் ஹான் ஃபெய். கி.மு. 233இல் இறந்த சட்டவாதி, அதாவது கடும் சட்டத்தால்தான் நாட்டை ஆள வேண்டும் என்ற சிந்தனைப் பிரிவைச் சேர்ந்தவர். தாவோ தே ஜிங்குக்கு நம் கையில் இருக்கும் மிகப் பழைய உரை அவர் பெயரில் உள்ளதுதான். கேடு வந்தால் மனிதன் பயப்படுகிறான், பயந்தால் ஒழுங்காக நடக்கிறான், ஒழுங்காக நடந்தால் யோசனை முதிர்கிறது, காரியத்தின் நெளிவுசுளிவு பிடிபடுகிறது, வெற்றி வருகிறது. நன்மை வந்தால் பணம், பதவி; நல்ல சோறு, நல்ல துணி; பிறகு கர்வம்; பிறகு தப்பான நடத்தை; பிறகு அழிவு. ஜாதகமும் இல்லை, ஊழும் இல்லை. மனிதனின் மனம் வழியாகவே மறிதல் நடக்கிறது.

மென்மை எப்படி இதில் வந்து சேர்கிறது?

இரண்டாம் வரியின் வேலை அது. உச்சத்தில் நிற்பது எப்போதும் இறங்கவே போகிறது என்றால், நிற்க வேண்டிய இடம் உச்சம் அல்ல. 76ஆம் அத்தியாயம் உடம்பையே சாட்சிக்குக் கூப்பிடுகிறது: மனிதன் பிறக்கும்போது மெத்தென்று வளைகிறான், செத்தால் விறைக்கிறான். செடிகொடிகளும் அப்படியே, பசுமையில் துவள்கின்றன, காய்ந்தால் முறிகின்றன. ஆகவே விறைப்பு சாவின் கூட்டாளி, மென்மை உயிரின் கூட்டாளி.

78ஆம் அத்தியாயம் தண்ணீரைச் சொல்கிறது. தண்ணீரைவிட மென்மையானது எதுவும் இல்லை, கடினமானதைத் தாக்க அதைவிட வல்லதும் இல்லை. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை என்று ஒரு பெருமூச்சும் விடுகிறது. அந்த அத்தியாயத்தின் கடைசித் தொடர், ‘நேரான சொல் மறுதலையாகத் தோன்றும்.’ அங்கேயும் அதே ஃபான்! மறிதல் உலகத்தில் மட்டும் நடக்கவில்லை, வாக்கியத்திலும் நடக்கிறது. தாவோ தே ஜிங் ஏன் இப்படிப் புதிர்போலப் பேசுகிறது என்பதற்கு நூலே தரும் விளக்கம் இது.

22 வயது, 23 வயதுக்குள் ஒரு பேருரை எழுதி முடித்துவிட்டு கி.பி. 249இல் இறந்துபோன வாங் பி என்ற இளைஞர், 40ஆம் அத்தியாயத்தின் முதல் வரிக்கு எழுதிய குறிப்பு சின்னது: உயரத்துக்குத் தாழ்வு அடித்தளம், மேன்மைக்கு எளிமை வேர், உள்ளதற்கு இல்லாதது பயன்பாடு, மறிதல் என்பது இதுதான். காலப்போக்கில் மாறுவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கட்டடம் நிற்கும்போதே அதன் கீழே அடித்தளம் இருக்கிறது. அதுபோல எதிர்ப்பக்கம் நாளைக்கு வரப்போவதில்லை, இப்போதே கீழே இருந்து தாங்குகிறது. எல்லா உரைகளிலும் எனக்கு மனம் ஒப்பியது இதுதான்.

36ஆம் அத்தியாயம் வெறும் சூழ்ச்சிப் பாடம் இல்லையா?

‘சுருக்க வேண்டுமா, முதலில் விரியவிடு. பலவீனமாக்க வேண்டுமா, முதலில் பலப்படுத்து. எடுக்க வேண்டுமா, முதலில் கொடு.’ படித்தால் அப்படித்தான் இருக்கிறது. மூடி மறைக்க வேண்டாம்.

ஹான் ஃபெய் அப்படியே எடுத்துக்கொண்டார். ஜின் நாட்டுச் சியன் கோமகன் யூ என்ற சிறு நாட்டை விழுங்க நினைத்தபோது முதலில் பச்சைக்கல்லையும் குதிரைகளையும் பரிசாக அனுப்பினான்; ‘எடுக்க வேண்டுமா, கொடு’ என்பதற்கு இதுவே உதாரணம் என்கிறார். இன்னொரு பக்கம், இது அறிவுரையே அல்ல, எச்சரிக்கை என்று படிப்பவர்கள்: ஏதோ ஒன்று அளவுக்கு மீறி விரிகிறது என்றால் அது சுருங்கப்போகிறது என்று பார்த்துக்கொள். அத்தியாயம் ‘மென்மை வன்மையை வெல்லும்’ என்று போவதால் எனக்கு இரண்டாவது வாசிப்பில் சாய்வு உண்டு. ஆனால் முதலாவதைத் தவறு என்று சொல்ல முடியாது. போர்க்காலத்தில் அரசர்களின் காதுக்காகவும் எழுதப்பட்ட நூல் இது.

சுவாங்ட்சுவும் இதையே சொல்கிறாரா?

தாவோ மரபில் லாவோட்சுவுக்கு அடுத்த பெரிய பெயர் சுவாங்ட்சு. அவர் அதைச் சாவின் வாசலுக்குக் கொண்டுபோகிறார். சுவாங்ட்சுவின் மனைவி இறந்தபோது நண்பர் ஹுய்ட்சு துக்கம் கேட்க வருகிறார். சுவாங்ட்சு காலைப் பரப்பி உட்கார்ந்து பாத்திரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். “உன்னோடு வாழ்ந்தவள், பிள்ளைகளை வளர்த்தவள், கிழவியாகிச் செத்திருக்கிறாள். அழாமல் இருந்தால் அதுவே போதாதா, பாட்டு வேறயா?” என்கிறார் நண்பர்.

பதில் இப்படி: “அவள் செத்தவுடனே எனக்கு மட்டும் வலிக்காமல் இருந்திருக்குமா? ஆனால் அவள் தொடக்கத்தை எண்ணிப் பார்த்தேன். ஒரு காலத்தில் அவளுக்கு உயிர் இல்லை. உயிர் மட்டுமா, உருவமும் இல்லை, மூச்சும் இல்லை. மங்கலுக்குள் ஏதோ மாறி மூச்சு வந்தது. மூச்சு மாறி உருவம், உருவம் மாறி உயிர். இப்போது இன்னொரு மாற்றம், சாவு. நான்கு பருவங்கள் நடப்பது போலத்தான். பெரிய வீட்டில் அவள் நிம்மதியாகப் படுத்திருக்கிறாள். நான் பின்னாலேயே ஓலமிட்டுக்கொண்டு போனால் ஒன்றும் புரியாதவன் ஆவேன். அதனால் நிறுத்தினேன்.”

அவர் அழுதார், பிறகு நிறுத்தினார் என்பதைக் கவனியுங்கள். கல்மனசுக்காரர் என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் அந்த முதல் வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள்.

அவருடைய நூலின் 2ஆம் அத்தியாயத்தில் இன்னொரு வரி: சாவை வெறுப்பது, சின்ன வயதில் ஊரைவிட்டுப் போய்த் திரும்பும் வழி தெரியாமல் போனவனைப் போன்றது இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தாவோ இலக்கியத்தில் ‘திரும்புதல்’ பற்றி வந்த வரிகளில் இதை மிஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் மறுபிறவியா?

இல்லை. திரும்பி வருவது அதே ஆள் அல்ல, ஆள்கூட அல்ல. வினைப்பயன் கணக்கு இந்தப் பழைய நூல்களில் கிடையாது. மறுபிறவி சீனாவில் பரவலானது பௌத்தம் வந்த பிறகு. பிற்காலத் தாவோ சமயமும் அதை எடுத்துக்கொண்டது. லாவோட்சுவையும் சுவாங்ட்சுவையும் படிக்கும்போது அதைக் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

யீ ஜிங்கில் ‘மீளல்’ என்று ஓர் அறுகோட்டு உருவம் உண்டாமே?

உண்டு. யீ ஜிங் என்பது ஆறு கோடுகளாலான 64 உருவங்களை வைத்துக் குறி பார்க்கும் பழைய சீன நூல். அதில் இது 24ஆவது. பெயர் ‘ஃபூ’. அடியில் ஒரு முழுக்கோடு, அதன்மேல் ஐந்து உடைந்த கோடுகள். ஐந்து இருளுக்குக் கீழே ஒரு வெளிச்சம் நுழைந்திருக்கிறது. ஹான் அரச மரபின் காலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கும் உருவங்களைப் பொருத்தியபோது இது குளிர்காலக் கதிர்த்திருப்பம் வரும் சீன நாட்காட்டியின் 11ஆம் மாதத்துக்கு வந்தது. நம் கணக்கில் டிசம்பர் 21, 22 வாக்கில். இரவு மிக நீண்டிருக்கும் அன்றுதான் பகல் திரும்பத் தொடங்குகிறது.

அந்த நாளில் பண்டை அரசர்கள் எல்லைக் கணவாய்களை மூடினார்கள், வணிகர்கள் பயணம் போகவில்லை, அரசனும் ஊர் சுற்றவில்லை என்கிறது அதன் பழைய உரை. திருப்பம் நடக்கும்போது கொண்டாட்டம் இல்லை, ஓய்வு. முளை இளசு, யாரும் மிதித்துவிடக் கூடாது. இன்னொரு பழைய உரை, ‘மீளலில் வானம் பூமியின் இதயத்தைக் காணலாம்’ என்கிறது. வாங் பி இதற்கும் உரை எழுதி, மீளல் என்றால் வேருக்குத் திரும்புவது என்று லாவோட்சுவோடு முடிச்சுப் போட்டார்.

யீ ஜிங் தாவோயிஸ்ட்டுகளுக்கு மட்டும் உரிய நூல் அல்ல. கன்ஃபூசியர்களும் உரிமை கொண்டாடியது.

உடம்புக்குள் தண்ணீர் மேல்நோக்கி ஓடுவதாக ஒரு படம் பார்த்தேன். அதுவும் மறிதலா?

நீங்கள் பார்த்தது ‘நெய்ஜிங் து’வாக இருக்கும். பெய்ஜிங்கின் வெண்மேகக் கோவிலில் 1886இல் கல்லில் செதுக்கி வைத்தார்கள். மனித உடம்பு ஒரு மலைநாடாக வரையப்பட்டிருக்கிறது. முதுகெலும்பின் அடியில் ஒரு சிறுவனும் சிறுமியும் ஏற்றச் சக்கரத்தை மிதித்துத் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். வயலுக்குத் தண்ணீர் மிதித்த விவசாயிகளின் கருவி அது.

இது ‘உள் ரசவாதம்’ என்னும் பயிற்சி மரபு. இயல்பான ஓட்டத்தோடு போனால் மனிதர் பிறப்பர், எதிர்த்துத் திருப்பினால் சாகாநிலை என்பது அவர்கள் வழக்கு. சிறுநீரகத்து நீர் கீழே வழியும், இதயத்து நெருப்பு மேலே பறக்கும். விட்டுவிட்டால் இரண்டும் பிரிந்து உயிர் வடியும். ஆகவே நீரை ஏற்று, நெருப்பை இறக்கு. சாங் போதுவான் 1075இல் முன்னுரை எழுதிய ‘ஊசன் பியன்’ பாடல்கள் இந்த மரபின் பெரிய ஆதாரம். சாரத்தை மூச்சாகவும், மூச்சை உயிர்ப்பாகவும் புடம்போட்டு, கடைசியில் உயிர்ப்பை வெறுமைக்குத் திருப்புவது என்று படிகள் பின்னால் வகுக்கப்பட்டன. 42ஆம் அத்தியாயத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கிய ஏணியில் மூன்று, இரண்டு, ஒன்று என்று திரும்பி ஏறுகிறார்கள்.

சித்தர் பாடல் படித்தவர்களுக்கு இதெல்லாம் கேட்ட குரல்போல இருக்கும். போகர் சீனம் போய்வந்தார் என்றும் சீனர் என்றும் நம்மிடம் கதைகள் உண்டு. அவை மரபுக்கதைகள். அவற்றை வைத்து யார் யாரிடம் கற்றார் என்று நிரூபிக்கக் கிளம்ப வேண்டாம்.

என் சொந்த அபிப்பிராயம்: லாவோட்சு சொன்ன மறிதல் தானாக நடப்பது, இவர்களுடையது சக்கரம் மிதித்து நடத்துவது. ஒரே சொல், வேறு சுபாவம்.

பழங்காலத்துக்கே திரும்பிப் போ என்கிறதா?

80ஆம் அத்தியாயம் அப்படிப் படிக்கத் தூண்டும். சிறிய நாடு, குறைந்த மக்கள். படகும் வண்டியும் இருக்கும், ஏறுவாரில்லை. எழுத்தை விட்டுவிட்டு மறுபடியும் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைக்கட்டும். பக்கத்து ஊர்ச் சேவல் கூவுவது கேட்கும், ஆனாலும் சாகும்வரை போய்வரத் தோன்றாது. நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய கனவு. அதைத் திட்ட அறிக்கையாகப் படித்தால் சிரிப்பு வரும். கயிற்று முடிச்சு வேண்டும் என்பதையே எழுதித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நூல் இந்தியாவுக்கு எப்போதாவது வந்ததா?

வர ஏற்பாடு நடந்தது. காஞ்சிக்கு வந்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த யுவான் சுவாங்தான் அதில் சம்பந்தப்பட்டவர். காமரூபத்தை, அதாவது இன்றைய அசாம் பகுதியை ஆண்ட பாஸ்கரவர்மன் லாவோட்சுவின் நூலைக் கேட்டதாகத் தூதர் வந்து சொல்ல, 647இல் தாங் பேரரசர் தாய்சோங் அதைச் சம்ஸ்கிருதத்தில் பெயர்க்க உத்தரவிட்டார். யுவான் சுவாங்கும் தாவோ அறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள், முதல் சொல்லிலேயே தகராறு. ‘தாவோ’வுக்குப் ‘போதி’ என்று போடச் சொன்னார்கள் தாவோ தரப்பினர். யுவான் சுவாங் மறுத்தார். போதி என்றால் விழிப்பு, தாவோ என்றால் வழி. ‘மார்க்கம்’ என்றுதான் போடுவேன் என்று நின்றார். அந்தப் பெயர்ப்பு இன்று நம் கையில் இல்லை. 40ஆம் அத்தியாயத்து ஃபானுக்கு அவர் என்ன சம்ஸ்கிருதச் சொல் போட்டிருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

எந்த வரிசையில் படிக்கலாம்?

முதல் அத்தியாயத்தில் தொடங்க வேண்டாம், அங்கேயே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். 76, 78, 9, 23 முதலில். எல்லாம் கண்ணால் பார்த்த காட்சிகள். அப்புறம் 16ஐயும் 28ஐயும் சேர்த்து. பிறகு 58, 77. இந்த எட்டும் முடிந்தபின் 25, 40, 42 என்ற வரிசையில் மூன்றையும் ஒரே அமர்வில் படியுங்கள். கையில் இரண்டு மொழிபெயர்ப்புகள் இருந்தால் 40இன் முதல் வரியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் ‘எதிர்’ என்று போட்டிருப்பார், இன்னொருவர் ‘திரும்புதல்’ என்று போட்டிருப்பார்.